துருவக் குளத்தில் யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

நீர் நச்சியல் படித்தவர்களிடம் டாஃப்னியா (நீர்த்தெள்ளு என்ற சின்னஞ்சிறு ஓட்டுடலி) என்று சொன்னால் இரண்டு எண்கள் வாயில் வரும்: 20 டிகிரி, 48 மணி நேரம். பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சுகளைச் சோதனை நீரில் விட வேண்டும். இரண்டு நாள் கழித்துக் குவளையை லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். 15 நொடிக்குள் நீந்தத் தொடங்காதவற்றை ‘அசைவிழந்தவை’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் 202ஆம் வழிகாட்டி சொல்லும் முறை இது. ஒரு வேதிப்பொருளின் பாதுகாப்புக் கோப்பைப் புரட்டினால் இந்தச் சோதனையின் முடிவு எங்காவது ஒரு வரியில் இருக்கும்.

இதே சோதனையை ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளின் பனியுருகிக் குளத்துக்கோ, அண்டார்டிகத் தீபகற்பத்தின் ஏரிக்கோ கொண்டுபோனால் முதலில் உடைவது அந்த 48 மணி நேரம்தான். அங்கே நீர் 4 டிகிரி. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் உடலின் வேதிவினைகள் பாதி வேகத்துக்கோ மூன்றில் ஒரு பங்குக்கோ சரியும் என்பது உயிரியலின் தோராயக் கணக்கு. 20இலிருந்து 4க்கு இறங்கினால் வேகம் மூன்று முதல் ஆறு மடங்கு குறையும். இரண்டு நாளில் நடப்பது அங்கே நடந்து முடிய ஆறு நாள் ஆகலாம், பன்னிரண்டு நாளும் ஆகலாம். இரண்டாம் நாள் மாலையில் ‘பாதிப்பில்லை’ என்று எழுதிவிட்டுப் பெட்டியைக் கட்டும்போது, நஞ்சு அந்தப் பிராணியின் உடலுக்குள் போய்ச் சேர்ந்தே இருக்காது. அண்டார்டிகாவின் கேசி ஆய்வு நிலையத்தை ஒட்டிய கடலில் முதுகெலும்பற்ற உயிரிகளை உலோகங்களுக்கு உட்படுத்திப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இதே சிக்கலில்தான் மாட்டினார்கள். வழக்கமான கால அளவில் எதிர்வினையே தெரியவில்லை; சோதனையை வாரக்கணக்கில் நீட்ட வேண்டியிருந்தது.

ஆகவே துருவ நன்னீரில் புதுவரவு மாசுகளைக் கண்காணிக்க எந்தச் சிற்றுயிரைத் தேர்வது என்று முடிவெடுக்கும்போது, ‘எது அதிகம் கூருணர்வுள்ளது’ என்ற கேள்வியிலிருந்து தொடங்க நான் விரும்பவில்லை. எந்த உயிரியின் நாள்காட்டி அந்த ஏரியின் நாள்காட்டியோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பேன். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கோணத்திலிருந்துதான். ஒரு கோடைக் காலம், சிறிய குழு, ஒன்றிரண்டு முறைகளுக்கு மட்டும் பணம் என்று வைத்துக்கொள்கிறேன். துருவ ஆய்வுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் நடக்கின்றன.

என்ன வருகிறது, எப்போது வருகிறது

புதுவரவு மாசுகள் என்று சொல்வது ஒரு குடும்பத்தை அல்ல, ஒரு சந்தைக் கூட்டத்தை. எண்ணெயும் நீரும் ஒட்டாத பூச்சுகளில் வரும் பிஎஃப்ஏஎஸ் சேர்மங்கள், தீத்தடுப்புப் பொருள்கள், மருந்து எச்சங்கள், சன்ஸ்கிரீனில் உள்ள புறஊதா வடிகட்டிகள், இன்றும் வயலில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகள், மைக்ரோபிளாஸ்டிக் எல்லாம் இதில் அடக்கம். சிலவற்றுக்கு, சிதையாமல் நிலைக்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கடிவாளம் போட்டிருக்கிறது: 2009இல் பிஎஃப்ஓஎஸ், 2011இல் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லி, 2019இல் பிஎஃப்ஓஏ (முதலில் சொன்ன பிஎஃப்ஓஎஸ் போல இதுவும் பிஎஃப்ஏஎஸ் வகை), 2023இல் யுவி-328 என்ற புறஊதா உறிஞ்சி. பட்டியலில் ஏறாதவை இன்னும் நிறைய.

இவை துருவத்துக்கு இரண்டு வழியில் வருகின்றன. ஒன்று, காற்றும் கடலும். ஆவியாகக்கூடிய முன்னோடிச் சேர்மங்கள் காற்றில் நெடுந்தொலைவு போய், வழியிலேயே சிதைந்து, நிலைத்து நிற்கும் அமிலங்களாகிப் பனியோடு இறங்குகின்றன. மற்றொன்று, நாமே. ஆர்க்டிக் விமான நிலையங்களில் தீயணைப்புப் பயிற்சிக்குப் பயன்படுத்திய நுரை ஒரு முக்கியமான மூலம். ஸ்வால்பார்டின் லாங்கியர்பியெனிலும் நி-ஆலசுன்னிலும் பயிற்சித் திடல்களைச் சுற்றி பிஎஃப்ஏஎஸ் கிடைத்திருக்கிறது. கனடாவின் கார்ன்வாலிஸ் தீவில் மெரெட்டா ஏரி 1949இலிருந்து சுமார் அரை நூற்றாண்டு காலம் ஒரு தளத்தின் கழிவுநீரை வாங்கியது. பின்னாளில் அதிலும், கீழே உள்ள ரெசொல்யூட் ஏரியிலும் விமான நிலையத்திலிருந்து வந்த பிஎஃப்ஏஎஸ் தென்பட்டது. பக்கத்திலேயே கழிவு கலக்காத சார் ஏரி இருக்கிறது. ஒரே பாறை, ஒரே வானிலை, ஒன்று அழுக்கானது, ஒன்று தப்பியது. ஒப்பிட்டுப் பார்க்க இப்படியொரு இணை அமைவது அபூர்வம். தெற்கிலும் கதை வேறல்ல. அண்டார்டிகத் தீபகற்பத்தின் வடபகுதி நீர்களில் வலிநிவாரணி எச்சங்கள் இருப்பது 2017இலும், லிவிங்ஸ்டன் தீவின் பையர்ஸ் தீபகற்பத்து நன்னீரில் மைக்ரோபிளாஸ்டிக் இருப்பது 2020இலும் வெளியாயின. பையர்ஸ் நுழைவு அனுமதி பெற்றே போகக்கூடிய பாதுகாக்கப்பட்ட பகுதி.

நேரக் கணக்கு இங்கே மறுபடி குறுக்கிடுகிறது. குளிர்காலம் முழுவதும் பனியில் சேர்ந்த மாசு, கோடை முழுவதும் சீராகக் கசிவதில்லை. நீரில் நன்றாகக் கரையும் சேர்மங்கள் பனி உருகத் தொடங்கும் முதல் நாள்களிலேயே செறிவாக ஓடிவந்துவிடும். துகளோடு ஒட்டியவை கடைசியில் வரும். ஜூலை நடுவில் போய் ஒரு பாட்டில் நீர் எடுத்தால் முதல் வெள்ளம் போய்ப் பல வாரம் ஆகியிருக்கும். அந்த வெள்ளத்தின்போது குளத்தில் இருந்த பிராணிதான் அதைப் பற்றிச் சொல்ல முடியும். அதிலும் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பிராணி என்றால், தன் வாழ்வின் மிக மென்மையான நாள்களில் அதை எதிர்கொண்டிருக்கும்.

இறால், நண்டு இனமான ஓட்டுடலிகளை ஏன் நாட வேண்டும் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அண்டார்டிகாவின் ஏரிகளில் மீனே கிடையாது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓட்டுடலிதான் அங்கே உணவுச் சங்கிலியின் உச்சி. ஆர்க்டிக்கின் ஆழமற்ற குளங்கள் அடிவரை உறைவதால் அவற்றிலும் மீன் தங்காது. வேறு எதைக் கேட்பது?

டாஃப்னியா மேக்னா: எல்லோருக்கும் தெரிந்த வெளியூர்க்காரர்

முதல் வழி, நீரைக் கொண்டுவந்து சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் டாஃப்னியா மேக்னா இனத்திடம் ஆய்வகத்தில் கொடுப்பது. இதன் பலம் பெரியது. முறை தரப்படுத்தப்பட்டது. எந்த நாட்டு ஆய்வகத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ரைன் ஆற்றங்கரைக் கண்காணிப்பு நிலையங்களில் ஓடும் நீரில் டாஃப்னியாக்களை நீந்தவிட்டு, அவற்றின் அசைவு மாறினால் எச்சரிக்கை எழுப்பும் கருவிகளே பல ஆண்டுகள் இயங்கியிருக்கின்றன. 21 நாள் இனப்பெருக்கச் சோதனையும் (211ஆம் வழிகாட்டி) உண்டு. நஞ்சில்லாத நீரில் ஒரு தாய் குறைந்தது 60 குஞ்சு போட்டால்தான் அந்தச் சோதனையே செல்லும் என்ற அளவுக்குக் கறாரான விதிகள் அதற்கு.

ஆனால் துருவக் கேள்விக்கு இது மூன்று இடத்தில் சறுக்குகிறது.

வெப்பநிலை ஒன்று, அதைச் சொல்லியாயிற்று. இரண்டாவது நீரின் தன்மை. மேக்னாவுக்குக் கடின நீர் பிடிக்கும். சோதனை நீரில் லிட்டருக்கு 140 முதல் 250 மில்லிகிராம் கடினத்தன்மையை வழிகாட்டி பரிந்துரைக்கிறது. பனி உருகிய நீரோ கிட்டத்தட்ட வாலை வடிநீர் மாதிரி. அதில் மேக்னா வாடினால், காரணம் மாசா, சுண்ணாம்புப் பற்றாக்குறையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உப்புச் சேர்த்துக் கடினமாக்கினால் அது ஏரி நீராகவே இராது.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை தீர்மானமானது. பிஎஃப்ஓஎஸ் இரண்டு நாளில் டாஃப்னியாவை அசைவிழக்கச் செய்ய லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் தேவை. மனிதர் நடமாட்டமில்லாத துருவ ஏரிகளில் இத்தகைய சேர்மங்கள் நானோகிராம் அளவில்தான் கிடைக்கும். இடைவெளி பத்து லட்சம் மடங்குக்கும் மேல். இந்தச் சோதனையை ஆயிரம் முறை செய்தாலும் விடை ‘பாதிப்பில்லை’ என்றே வரும். அப்படி முன்கூட்டியே தெரிந்த விடைக்கு ஐஸ் பெட்டியில் நீரைச் சுமந்து பாதி உலகத்தைச் சுற்ற வேண்டுமா?

ஒன்றை மட்டும் மேக்னாவுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். பூச்சிகளின் இளமை ஹார்மோனைப் போலச் செயல்படும் பைரிப்ராக்சிஃபென், ஃபெனாக்சிகார்ப் போன்ற பொருள்கள் பட்டால் இது பெண் குஞ்சுகளுக்குப் பதில் ஆண் குஞ்சுகளைப் பெறத் தொடங்கும். கொல்லும் அளவுக்கு வெகு கீழேயே இது நடக்கும். எண்ணுவதும் எளிது. இப்படி ஒரு குறிப்பிட்ட செயல்முறையைத் தேடுகிறீர்கள் என்றால் மேக்னா பொருத்தமான கருவிதான். கண்காணிப்புக்கு அல்ல, விசாரணைக்கு.

ஒரு சின்னக் கைக்குறிப்பு. குஞ்சைப் பிப்பெட்டிலிருந்து நீர்மட்டத்துக்கு மேலே விடாதீர்கள். முனையை நீருக்குள் வைத்து விடுங்கள். இல்லையென்றால் ஓட்டுக்கடியில் காற்று சிக்கி மிதக்கும். நஞ்சே இல்லாமல் செத்துப்போகும். ஆர்க்டிக் டாஃப்னியாவுக்கும் இது பொருந்தும்.

ஆர்க்டிக்கின் சொந்த டாஃப்னியா

வடக்கில் எனக்குப் பிடித்த வேட்பாளர் இதுதான். டாஃப்னியா பியூலெக்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த நீர்த்தெள்ளுகள் கிரீன்லாந்து, கனடா ஆர்க்டிக், ஸ்வால்பார்ட் குளங்களில் பரவலாக வாழ்கின்றன. பனி உருகியதும், குளிரைத் தாங்கி உறங்கும் உறை முட்டையிலிருந்து வெளிவந்து, ஒன்றிரண்டு தலைமுறை பெருகி, மறுபடி உறை முட்டை இட்டு முடித்துக்கொள்ளும். அதன் ஆயுள் அந்தக் குளத்தின் கோடைதான். நாள்காட்டி ஒத்துப்போவது என்று நான் சொன்னது இதைத்தான்.

மரபணுப் பக்கமும் வலுவானது. ஓட்டுடலிகளிலேயே முதன்முதலில் முழு மரபணுத்தொகுதி படிக்கப்பட்டது டாஃப்னியா பியூலெக்ஸுக்குத்தான். 2011இல் வெளியான அந்தத் தொகுதியில் சுமார் 31,000 மரபணுக்கள் இருந்தன, மனிதனிடம் இருப்பதைவிட அதிகம். பிராணி சாகும்வரை காத்திராமல், நச்சு நீக்கும் மரபணுக்கள் எப்போது விழித்துக்கொள்கின்றன என்று பார்க்க இந்த அடித்தளம் உதவும். நானோகிராம் உலகில் வேலை செய்ய நினைப்பவருக்கு இது பெரிய வசதி.

இன்னொரு பக்கம், ஆர்க்டிக் டாஃப்னியாக்கள் பெரும்பாலும் ஆணில்லாமலே பெருகுபவை. உறை முட்டைக்குக்கூட ஆண் தேவைப்படாத வரிசைகள் அவை. பல குரோமோசோம் தொகுதிகளைச் சுமப்பவையும் உண்டு. ஒரு தாயிடமிருந்து வந்த எல்லாம் ஒரே அச்சு என்பதால் சோதனையில் சிதறல் குறைவு. ஆனால் பக்கத்துக் குளத்தில் வேறொரு வரிசை, வேறொரு எதிர்வினை. ஒரே ஒரு வரிசையை வளர்த்து ‘ஆர்க்டிக் டாஃப்னியா இப்படி’ என்று எழுதுவது ஒரே ஒரு குடும்பத்தைப் பார்த்து ஊர்க்கதை எழுதுவது மாதிரி. குறைந்தது நான்கைந்து வரிசைகளையாவது பிரித்து வளர்க்க வேண்டும். மேலே சொன்ன ஆண் குஞ்சுச் சமிக்ஞையையும் இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. ஆணையே பெறாத வரிசை, பெறவில்லை என்பதை வைத்து என்ன சொல்வது?

நிறத்தையும் சொல்லியாக வேண்டும். ஆழமற்ற, தெளிந்த குளங்களின் டாஃப்னியா கறுத்திருக்கும். ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சில் பகுதிக் குளங்களில் பால் ஹெபெர்ட்டும் சக ஆய்வாளரும் கறுப்பு, வெளிர் வரிசைகளை ஒப்பிட்டு, ஓட்டில் உள்ள மெலனின் புறஊதா ஒளியிலிருந்து காக்கிறது என்று 1990இல் காட்டினார்கள். மாசு ஆய்வுக்கு இதனால் என்ன? எண்ணெய், புகையிலிருந்து வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் உடலுக்குள் போன பிறகு புறஊதா ஒளி பட்டால் பல மடங்கு நச்சாகும். ஒளி ஊடுருவும் உடல் கொண்ட நீர்த்தெள்ளுக்கு அது இரட்டை அடி. துருவக் கோடையில் சூரியன் 24 மணி நேரமும் மறைவதில்லை. ஆய்வக விளக்கொளியில் செய்த சோதனைக்கும் குளத்து உண்மைக்கும் இங்கே பெரிய தூரம். அதனால் கறுப்பு வரிசையையும் வெளிர் வரிசையையும் சேர்த்தே வளர்த்து, உண்மையான ஒளியில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

எங்கே வளர்ப்பது? 211ஆம் வழிகாட்டியின் 21 நாளை 4 டிகிரிக்கு நீட்டினால், முதலில் சொன்ன தோராயக் கணக்கின்படி இரண்டிலிருந்து நான்கு மாதம். அதற்குள் கோடையே முடிந்துவிடும். நல்லவேளையாக ஆழமற்ற ஆர்க்டிக் குளம் வெயிலில் 10 டிகிரியைத் தாண்டுவது உண்டு. ஆகவே 10 டிகிரியில் ஆறு முதல் ஒன்பது வாரம் என்று வைத்துக்கொண்டு, ஊர் திரும்பிக் குளிரறையில் செய்வதுதான் நடைமுறை. குளத்தில் கூண்டு, வீட்டில் குளிரறை. இரண்டையும் ஒரே வரிசைகளை வைத்துச் செய்தால் ஒன்று மற்றொன்றுக்கு விளக்கமாக நிற்கும்.

பெரிய உடம்புக்காரர்கள்

எச்சத்தை உடலிலேயே அளப்பதுதான் நோக்கம் என்றால் டாஃப்னியா சிரமம் தரும். ஒரு கிராம் திசு சேர்க்க ஆயிரக்கணக்கில் வடிகட்ட வேண்டும். லெப்பிடூரஸ் ஆர்க்டிகஸ் என்ற ஆர்க்டிக் ஓட்டுடலி அப்படியல்ல. தவளையின் தலைப்பிரட்டைக்குக் கவசம் போட்டது போலிருக்கும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளரும். கைவிரல்களால் எண்ணும் அளவு பிடித்தாலே ஒரு பகுப்பாய்வுக்குப் போதும். அடிச்சேற்றைக் கிளறித் தின்பதால், நீரில் கரையாமல் வண்டலில் தங்கும் தீத்தடுப்புப் பொருள்களைப் பற்றி நீரில் நீந்துபவை சொல்லாததை இது சொல்லும். ஆர்க்டிக் சார் மீனும் கரைப் பறவைகளும் இதைத் தின்பதால், இதன் உடலில் சேர்ந்தது மேலே எங்கே போகும் என்ற கேள்விக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

அதுவே இதன் பலவீனமும். மீன் உள்ள ஏரியில் லெப்பிடூரஸ் அரிது. மீன் தின்று தீர்த்துவிடும். கால்சியம் குறைந்த, அமில நீரிலும் இது தழைப்பதில்லை. அதனால் ஒரு குளத்தில் லெப்பிடூரஸ் காணவில்லை என்றால் அதை மாசின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இருக்கும் இடத்தில் அளக்கலாம். இல்லாமையை வைத்து முடிவு கட்டக் கூடாது.

காமரஸ் லாகஸ்ட்ரிஸ் என்ற பக்கவாட்டில் தட்டையான ஓட்டுடலியும் வடக்கு நிலப்பகுதி ஏரிகளில் உண்டு. பிரான்சு ஆறுகளில் இதன் உறவினமான காமரஸைக் கூண்டிலிட்டு, கொடுத்த இலையில் எவ்வளவு தின்றது என்று அளப்பது நன்கு பழகிய கண்காணிப்பு முறை. பெருநிலப்பகுதியில் வேலை என்றால் யோசிக்கலாம். தீவுக் குளங்களுக்கு இது தோதுப்படாது. இல்லாத இடத்தில் கொண்டுபோய் விடவும் கூடாது.

தெற்கில் தேர்வு சுருங்குகிறது

அண்டார்டிகாவில் பட்டியல் சில பெயர்களோடு முடிந்துவிடும். அவற்றில் போக்கெல்லா போப்பெய் என்ற துடுப்புக்காலி (கோப்பிபாட் எனும் நுண் ஓட்டுடலி) முதன்மையானது. இரண்டு மூன்று மில்லிமீட்டர். தீபகற்பத்திலும் தெற்கு ஷெட்லாந்து, தெற்கு ஆர்க்னித் தீவுகளிலும் நிறைய ஏரிகளில் உண்டு. கிழக்கு அண்டார்டிகாவில் ஏறக்குறைய 70 டிகிரித் தெற்கில், ஆண்டு முழுவதும் பனி மூடிய பீவர் ஏரியிலும் இருக்கிறது. துடுப்புக்காலிகள் கொழுப்பைச் சேமிப்பவை என்பதால் கொழுப்பில் கரையும் தீத்தடுப்புப் பொருள்களை இதன் உடல் நன்றாகவே பிடித்துவைக்கும். பிஎஃப்ஏஎஸ் கொழுப்பைவிடப் புரதத்தோடு ஒட்டுவது; பெரும்பாலான மருந்துகளோ உடலில் தங்காமல் வந்து போய்விடும். ஆகவே ஒரே பிராணியின் ஒரே பகுப்பாய்வை வைத்து மூன்று வகை மாசுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டைத் திட்டம் போடும்போதே எழுதி வைக்காதவர்கள் பின்னால் தவிப்பார்கள்.

போக்கெல்லாவை எடுக்கும்போது தேதியும் பருவமும் குறித்துக்கொள்வது கட்டாயம். முட்டையிடும்போது பெண் தன் கொழுப்போடு மாசையும் முட்டைக்குள் தள்ளிவிடும். முட்டைக்கு முன் எடுத்த பெண்ணையும் பின் எடுத்த பெண்ணையும் ஒன்றாக அரைத்தால், ஏரி சுத்தமாகிவிட்டது போல ஒரு பொய்ச் சரிவு தெரியலாம்.

பிராங்கினெக்டா கெய்னி கண்ணுக்கு அழகானது. ஓடில்லாமல் மல்லாந்து நீந்தும் இறால் போன்ற உயிரி. அண்டார்டிகாவின் நன்னீர் முதுகெலும்பிலிகளில் மிகப் பெரியது. 1908 முதல் 1910 வரை பிரெஞ்சு ஆய்வுப் பயணி சார்கோவின் அண்டார்டிகப் பயணத்தில் சென்ற இயற்கையியலாளர் லூயி கெய்னின் பெயர் தாங்கியது. முட்டையாகக் குளிர்காலத்தைக் கடந்து, உருகுநீரில் வெளிவந்து, ஒரே கோடையில் வாழ்ந்து முடிக்கும். முதல் வெள்ளத்தின் சாட்சி என்று பார்த்தால் இதைவிடப் பொருத்தமானது இல்லை. இருந்தும் நான் இதை வாடிக்கையான கண்காணிப்புக்கு எடுக்க மாட்டேன். சிறு குளங்களில் எண்ணிக்கை குறைவு. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. நூறு பிராணியை அள்ளினால் அடுத்த ஆண்டின் முட்டை வங்கியிலேயே கை வைத்ததாகும். படம் எடுங்கள், எண்ணுங்கள், நீளம் அளந்துவிட்டுத் திரும்ப விடுங்கள்.

மூன்றாவது டாஃப்னியோப்சிஸ் ஸ்டூடெரி. கிழக்கு அண்டார்டிகாவின் வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளிலும் லார்ஸ்மன் குன்றுகளிலும் உள்ள ஏரிகளில் வாழ்வது. லார்ஸ்மன் குன்றுகளில் 150க்கும் மேற்பட்ட ஏரிகள். சீனாவின் ஜோங்ஷான், ரஷ்யாவின் புரோகிரஸ், இந்தியாவின் பாரதி நிலையங்கள் அங்கேதான் சில கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. நிலையத்தை ஒட்டிய ஏரி, தள்ளிய ஏரி என்று ஒப்பிட இயல்பான களம். டாஃப்னியாவின் நெருங்கிய உறவு என்பதால் முறைகளையும் கடன் வாங்கலாம். இடைஞ்சல் அடர்த்திதான்: க்ரூக்டு ஏரி போன்ற பெரிய ஏரிகளில் வலையை நெடுநேரம் இழுத்தால்தான் சில கிடைக்கும். எச்சம் அளக்க இது ஆகாது. ஆனால் பனிக்கடியில் குளிர்காலத்திலும் உயிரோடு இருப்பதால், ஆண்டு முழுவதும் நிலையத்தில் தங்கும் குழுவுக்கு இது கோடையைத் தாண்டியும் பேசும்.

உறங்கும் முட்டைகள்

இவை எல்லாம் இன்றைய நிலையைச் சொல்பவை. எப்போதிலிருந்து என்று கேட்டால் வண்டலைத்தான் கேட்க வேண்டும். நீர்த்தெள்ளின் உறை முட்டைகள் அடிச்சேற்றில் அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஏரி ஒன்றில் சுமார் 700 ஆண்டுப் பழைய டாஃப்னியா முட்டை பொரிந்தது 2014இல் வெளியான ஆய்வில் பதிவானது. துருவ ஏரியில் வண்டல் மிக மெதுவாகச் சேர்வதால், ஒரு சென்டிமீட்டருக்குள் பல பத்தாண்டுகள் அடங்கிவிடும். 1950க்கு முந்திய வரிசையை எழுப்பி, இன்றைய வரிசையோடு ஒரே நீரில் வைத்துப் பார்ப்பது கோட்பாட்டில் வசீகரமானது. நடைமுறையில் அடுக்கைக் காலக்கணக்கிட வேண்டும், முட்டை பொரிய வேண்டும், பொரிந்தது வளர வேண்டும். ஒரு கோடைக்கான வேலை அல்ல. பனித்துளைக் குழாயில் வண்டல் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு வரலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உயிரியே வேண்டாமா?

இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்க வேண்டும். நீரில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் மாசை உறிஞ்சச் செய்யும் பட்டைகள் இருக்கின்றன. பிராணி சாக வேண்டியதில்லை, முட்டையிடாது, மீன் தின்னாது. ‘இருக்கிறதா’ என்ற கேள்விக்குப் பட்டை பிராணியைவிட நாணயமான சாட்சி. குளிரில் உறிஞ்சும் வேகம் குறைவது, பனிக்கட்டி நகர்ந்து கயிற்றை அறுப்பது போன்ற தொல்லைகள் மட்டும் உண்டு. முதல் வெள்ளத்தைப் பிடிக்கப் பனி உடையும் முன்பே இறக்கிவிட வேண்டும் என்பதால் முந்திய பயணமும் தேவைப்படலாம்.

பட்டை சொல்லாதது, அந்த மாசு உயிருக்குள் நுழைகிறதா, நுழைந்தால் என்ன செய்கிறது என்பதை. அதனால் என் கணக்கில் பட்டையும் பிராணியும் போட்டியாளர்கள் அல்ல. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், எதுவுமே தெரியாத புது இடத்தில் பட்டை. மாசு இருப்பது ஏற்கெனவே தெரிந்த இடத்தில் பிராணி.

அனுமதிச் சீட்டு

அண்டார்டிக உடன்படிக்கையின் சுற்றுச்சூழல் நெறிமுறை 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998இல் நடப்புக்கு வந்தது. அதன் இரண்டாம் இணைப்பு, வெளி உயிரினத்தை அனுமதியின்றி அங்கே கொண்டுபோவதைத் தடுக்கிறது. ஆகவே மேக்னா வளர்ப்புக் குவளையைத் தூக்கிக்கொண்டு போகும் திட்டத்தைத் தொடக்கத்திலேயே அடித்துவிடலாம். மேக்னா வேண்டுமென்றால் நீர்தான் பயணம் செய்ய வேண்டும். ஸ்வால்பார்டிலும் 2001இன் சுற்றுச்சூழல் சட்டம் வெளி உயிரினங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆளுநர் அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் விடக் கூடாது. சொந்த உயிரியைப் பயன்படுத்துவது அறிவியலுக்கு மட்டுமல்ல, கோப்பு நகர்வதற்கும் சுலபம். ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குக் கூண்டை மாற்றுவதுகூடக் கவனிக்க வேண்டியதே. வலை, பூட்ஸ், வாளி எல்லாவற்றையும் இடையில் கழுவி உலர்த்தாவிட்டால் அந்த ஏரியின் முட்டை இந்த ஏரிக்கு வந்துவிடும்.

நான் எடுத்துப்போகும் பெட்டி

வடக்கே என்றால்: ஒரு தாய், ஒரு வரிசை என்று பிரித்து வளர்க்க உயிருள்ள ஆர்க்டிக் டாஃப்னியா, குளத்திலேயே வைக்கச் சில கூண்டுகள், லெப்பிடூரஸ் இருந்தால் எச்ச ஆய்வுக்குச் சில. கூண்டுகள் குறைந்தது பத்து நாள், முடிந்தால் மூன்று வாரம். தெற்கே என்றால்: போக்கெல்லாவைப் பருவம் பிரித்து உறையவைத்த மாதிரிகளாக, கூடவே உறிஞ்சு பட்டைகள். கெய்னிக்குக் கேமராவும் அளவுகோலும். கிழக்குக் கரையில் குளிர்காலம் தங்குபவர் இருந்தால் ஸ்டூடெரியை அவரிடம் ஒப்படைப்பேன். மேக்னாவை இரண்டு இடத்துக்கும் வீட்டிலேயே விட்டுவிடுவேன். வழியில் ஏதாவது ஹார்மோன் போலி சந்தேகப்பட்டால் அப்போது அழைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் மறக்கக் கூடாதது இன்னொன்று, சுத்த நீர் நிரப்பிய வெற்றுப் பாட்டில்கள். களத்தில் மூடி திறந்து, மற்ற மாதிரிகளோடு சேர்ந்தே பயணம் செய்து, மற்றவற்றைப் போலவே பகுப்பாய்வுக்குப் போக வேண்டியவை. ஏனென்றால் குழுவே ஒரு மாசு மூலம். நீர் ஒட்டாத மேல்சட்டையில் பிஎஃப்ஏஎஸ் இருக்கும். முகத்தில் பூசிய சன்ஸ்கிரீனில் புறஊதா வடிகட்டி. காலையில் தலைவலிக்கு விழுங்கிய மாத்திரை. கையுறையிலிருந்தும் கயிற்றிலிருந்தும் உதிரும் இழை. பையர்ஸ் குளத்தங்கரையில் குனிந்து நிற்பவரின் சட்டைக் கையிலிருந்து சொட்டும் ஒரு துளியில், அவர் தேடி வந்த அத்தனையும் இருக்கலாம்.